வாய் பேசாப் படமும் தாய்மொழியும்

கலைகள் பலவற்றுள்ளும் ஆண்டில் இளையது திரைப்படக் கலை. சிற்பமும் ஓவியமும் இசையும் கூத்தும் தாம் பிறந்த நாளை மறந்துபோன முதியவை. திரைப்படத்திற்கோ, 1895-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டிய காட்சியை முதலாக வைத்து வயது கணக்கிடுவர். பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கலை வாய் பேசாதிருந்தது; 1927-ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பேசத் தொடங்கிற்று. குழந்தை பேசத் தொடங்கினாற் பெற்றோரும் சுற்றத்தாரும் ஒருங்கே மகிழ்வர். திரைப்படம் பேசத் தொடங்கியபோதோ மகிழ்ந்தாரும் உளர். அதுகாறும் பெற்றிருந்த வாழ்வை இழந்தாரும் உளர். அந்த மாறுதலுக்கு முன்னும் பின்னும் நின்று புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி நம் கல்லூரி அன்பர்களுக்குச் சிறிது கூற விரும்புகின்றோம். அவர் மெக்ஸிகோ நாட்டிற் பிறந்த டொலோரெஸ் டெல் ரியோ அம்மையார். அவர்தம் அழகைப் புகழ்ந்தெழுதினோர் பலர், அப்பணி எமதன்று. வாய் திறவாத காலத்தில் எந்நாட்டுப் பெண்ணாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர், வாய் திறந்த அளவிலே அயலாராகக் கருதப்பட்டதும், பின்னர்த் தம் சொந்த மொழியிலே பேசி முன்னினும் உயர்ந்து நின்றதும் ஆகிய செய்தியே எம் உள்ளத்தைக் கவர்ந்தது.

மெக்ஸிகோவின் வடபகுதியிலுள்ள டுராங்கோ என்னும் ஊரில், 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா டெ லோஸ் டொலோரெஸ் அசுன்சோலோ இ லோபெஸ் நெக்ரெட்டெ என்பது. தந்தையார் வங்கித் தலைவர். தாயார் பழம்பெருங் குடியினர். குறையொன்றுமின்றி வளர்ந்த அக்குழந்தைக்கு ஆறு வயதான காலத்தில், 1910-இல், மெக்ஸிகோவிற் பெரும்புரட்சி மூண்டது. நிலமுடையாரும் செல்வரும் அஞ்சி ஊர் துறந்தனர். தந்தையார் எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்க நாடுகளுக்குச் சென்றார். தாயும் மகளும் தலைநகராகிய மெக்ஸிகோ நகரம் புகுந்தனர். அங்கே பிரெஞ்சுக் கன்னியர் நடத்திய பள்ளியில் டொலோரெஸ் கல்வி பயின்றார். ஆகவே ஸ்பானிய மொழியோடு பிரெஞ்சு மொழியும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தது, ஆங்கிலம் வரவில்லை. ருஷிய நாட்டு நடனமணியாகிய அன்னா பாவ்லோவா 1919-ஆம் ஆண்டில் மெக்ஸிகோவுக்கு வந்து ஆடியதைக் கண்டபின், ஆடற் கலையிலே அவருக்குப் பெருவிருப்பு உண்டாயிற்று. சொல்லின்றி உடம்பாலும் கண்ணாலும் கருத்தைப் புலப்படுத்தும் பயிற்சி அவருக்கு அவ்வாறு தொடங்கிற்று.

1921-ஆம் ஆண்டில், பதினேழு வயது நிரம்பாமுன், தம்மினும் மிக மூத்தவரும் செல்வரும் கல்விமானுமாகிய ஹாய்மே மார்த்தினெஸ் டெல் ரியோ என்பாரை மணந்தார். உலகம் அறிந்த ‘டெல் ரியோ’ என்னும் பெயர் கணவர் வழி வந்தது. மணமக்கள் ஐரோப்பாவில் நெடுநாள் தங்கி மீண்டு, தம் நிலத்திற் பருத்தி பயிரிட்டனர். பருத்தி விலை திடீரென வீழ்ந்தது. குடும்பம் நொடிக்கும் நிலையை அடைந்தது. அக்காலையில், 1925-இல், ஹாலிவுட்டிலிருந்து எட்வின் கரீவ் என்னும் பட இயக்குநர் மெக்ஸிகோவுக்கு வந்தார். அடால்போ பெஸ்ட் மௌகார்டு என்னும் ஓவியர் அவரை டெல் ரியோ இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே டொலோரெஸின் ஆடலைக் கண்ட கரீவ், படங்களில் நடிக்க வருமாறு வற்புறுத்தி அழைத்தார். நம் நாட்டிற் போலவே அந்நாட்டிலும் உயர்குடிப் பெண்டிர் கூத்தாடப் புகுதல் இழுக்கெனக் கருதப்பட்டது. உறவினர் முகஞ் சுளித்தனர். ஆயினும் கணவர் இசைந்தார். 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இருவரும் புகைவண்டி ஏறி வடக்கு நோக்கிச் சென்றனர்.

ஹாலிவுட்டிற்கு ஸ்பானியப் பெயர் புதியதன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே 1848-ஆம் ஆண்டு வரையில் மெக்ஸிகோவுக்கு உரியதாய் இருந்தது. அந்நகரிற் பழங்குடி மெக்ஸிகோவினர் மரபில் 1891-இற் பிறந்த மிர்ட்டில் கொன்ஸாலெஸ் என்னும் நங்கை, 1913 முதல் 1917 வரை எழுபதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்துப் பெயர் பெற்றார். உலகையே வாட்டிய இன்புளுயென்ஸா விஷஜுரத்தால், 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், தம் இருபத்தேழாம் வயதில் அவர் மறைந்தார். வெனிஸுவேலா நாட்டுப் பாடகர் ஒருவரின் மகளாகிய பியாட்ரிஸ் மிசெலெனா என்பாரும் 1914 முதல் தலைமைப் பாத்திரங்களை ஏற்று நடித்தவர். எனினும் இவ்விருவரும் ஐக்கிய நாடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர். டெல் ரியோ அம்மையாரோ ஆங்கிலம் அறியாதவராய் அயல்நாட்டிலிருந்து வந்து இறங்கியவர். இக்காலத்தில் ஒருவர் அத்தகைய நிலையிற் சென்று, ஓராண்டு கழியுமுன் அந்நாட்டுப் படங்களிலே தலைமை நடிகையாதல் இயலுமா? அன்று இயன்றது. வாய் பேசாப் படத்தில் இயக்குநர் படம் எடுக்கும்போதே உரத்த குரலில் ஏவல் இடலாம். இசைவாணர் அருகிருந்து வாசிக்கலாம். நடிகை தமக்கு வந்த மொழியில் எதையும் சொல்லலாம். பின்னர் இடையிடையே எழுத்தட்டைகளைச் சேர்த்துவிட்டாற் கதை விளங்கும். அவ்வட்டைகளை மட்டும் மாற்றினால் அதே படம் பிரெஞ்சுப் படமாகும், ஜெர்மானியப் படமாகும், எந்நாட்டிற்கும் உள்நாட்டுப் படமாகும்.

1925-இன் இறுதியில் வெளிவந்த ‘ஜோஆனா’ என்னும் படத்திற் சிறியதொரு வேடத்தோடு தொடங்கிய அம்மையார், 1926-இல் ரவூல் வால்ஷ் இயக்கிய ‘வாட் பிரைஸ் குளோரி’ என்னும் போர்ப் படத்தாற் பெரும்புகழ் எய்தினார். அதில் அவர் பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்ப் பெண்ணாகிய ஷார்மேன். இப்படத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. போர்வீரராக நடித்த இருவரும், ஒலிதான் பதிவாகாதே என்னும் துணிவினால், காட்சிகளின்போது இழிந்த வசைமொழிகளைத் தாராளமாக வழங்கினர். எழுத்தட்டைகளிலோ நாகரிகமான சொற்களே காணப்பட்டன. செவி கேளாதோர் இதழசைவு கண்டே பேச்சை அறியவல்லர் அல்லரோ? அவர்கள் உண்மையை உணர்ந்து குறைகூறத் தலைப்பட்டனர். செவியுடையார் ஏமாந்த இடத்திற் செவியிலார் ஏமாறவில்லை. ஊமைப்படத்திலும் பேச்சு இருந்தது; அது யார்க்குக் கேட்டது என்பதே வேற்றுமை.

அடுத்த ஆண்டில், டால்ஸ்டாய் பெருமான் எழுதிய ‘புத்துயிர்ப்பு’ என்னும் நவீனம் படமாயிற்று. அதில் அம்மையார் காத்தூஷா என்னும் ருஷியப் பணிப்பெண். டால்ஸ்டாயின் மகனாராகிய இலியா டால்ஸ்டாய் தாமே அப்படத்திற்குத் துணைநின்றார். அதே 1927-இல் அவர் ஸ்பானிய நாட்டுக் கார்மென் ஆனார். 1928-இற் கலிபோர்னியாவின் செவ்விந்தியக் குருதி கலந்த ராமோனா ஆனார். 1929-இல் லாங்பெல்லோ பாடிய கதையின் தலைவியாகிய இவாஞ்சலீன் ஆனார். லூயிஸியானா மாகாணத்துச் செயின்ட் மார்ட்டின்வில் என்னும் ஊரில் இவாஞ்சலீனுக்கு ஒரு சிலை உண்டு. அதன் முகம் டெல் ரியோ அம்மையாரின் முகத்தை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. மெக்ஸிகோவிற் பிறந்த ஒருவர், பிரெஞ்சுக் குடியேற்றக்காரரின் மரபினர் தம் முன்னோரின் துயரை நினைவுகூரும் உருவமாக இன்றும் அங்கே அமர்ந்திருக்கின்றார். நான்கே ஆண்டுகளில் இத்தனை நாட்டுப் பெண்டிராகத் தோன்றியும், ‘இவர் எம்மவர் அல்லர்’ என்று திரைமுன் அமர்ந்தோர் கூறவில்லை.

‘ராமோனா’ படத்தைப் பற்றி எம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். சில ஆண்டுகளுக்குமுன் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, எழுத்தறியாதவராகிய எம் பாட்டியாரை அருகில் இருத்தி, அப்படத்தைக் கணிப்பொறித் திரையிற் காட்டினோம். செல்வர் வீட்டில் வளர்ந்த ராமோனா, செவ்விந்தியனாகிய அலெஸாண்ட்ரோவை விரும்பி அவனோடு செல்கின்றாள்; அவர்கள் பெற்ற குழந்தை இறக்கின்றது; கொடியோர் குடியிருப்பைச் சூறையாடுகின்றனர்; கணவன் சுட்டுக் கொல்லப்படுகின்றான்; அவள் நினைவிழந்து அலைகின்றாள். ஆங்கில எழுத்தட்டைகள் தோன்றும்போதெல்லாம் பொருள் கூற யாம் வாய் திறந்தோம். பாட்டியார் கையமர்த்தி, “நீ சும்மா இரு, அந்தப் பெண்ணே சொல்லுகிறாள்” என்றார். குழந்தை இறந்த காட்சியில், “எந்த ஊர்க்காரியோ தெரியாது, பெற்ற வயிறு எரிகிறது தெரிகிறது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அதே அம்மையார் நடித்த ஆங்கிலப் பேசும்படம் ஒன்றைக் காட்டினோம். சிறிது நேரம் பார்த்தார், “என்ன பேசிக்கொள்ளுகிறார்கள்?” என்று இரண்டு முறை கேட்டார்; யாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிட்டார். பேச்சு வந்தமையால் உலகம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை இதனினும் தெளிவாக எமக்கு உணர்த்திய நூல் இல்லை.

அந்த ‘ராமோனா’ நமக்குக் கிடைத்ததே ஒரு பேறு. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆயது, எளிதில் தீப்பற்றுவது, தீக்குத் தப்பினாலும் நாளடைவிற் பொடிந்துபோவது. பேசும்படம் வந்தபின் பழம்படங்களைப் பொருளென மதித்துக் காத்தாரும் அரியர். 1912-க்கும் 1929-க்கும் இடையே அமெரிக்காவில் எடுக்கப்பட்ட நெடும்படங்கள் ஏறத்தாழ 11,000; அவற்றுள் 70 விழுக்காடு அடியோடு அழிந்தன என்றும், முதலில் வெளிவந்த வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடே என்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகின்றது. ‘ராமோனா’வும் அழிந்ததென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பின்னர்ப் பிராகு நகரத்துப் படக்காப்பகத்தில் அதன் படியொன்று கண்டறியப்பட்டது. செக்கு மொழியிலிருந்த எழுத்தட்டைகளை ஆங்கிலமாக்கி, சுருளைப் புதுப்பித்து, 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மீண்டும் திரையிட்டனர். தன் சொந்த ஊரில் மாய்ந்த படம் வேற்றுமொழி பேசும் ஊரில் உயிரோடிருந்தது. எம்மொழியாரும் தமதாக்கிக்கொள்ளும் இயல்பே அதற்கு உயிர்ப்பிச்சை அளித்தது.

இனி, பேச்சு வந்த வரலாற்றைக் காண்போம். 1927-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் வாய் திறந்து பாடிற்று. ஹாலிவுட் முழுவதும் ஒரே வினா எழுந்தது: இதுகாறும் முகத்தாற் பிழைத்தோர் இனிக் குரலாற் பிழைப்பரோ? இதற்கு விடையளிப்பார்போல, 1928-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தார் தம் நடிகர்களை வானொலி வாயிலாக நாட்டு மக்களோடு பேசச் செய்தனர். சார்லி சாப்ளினும் டக்ளஸ் பேர்பாங்க்ஸும் பிறரும் பேசினர். டெல் ரியோ அம்மையார் பேசுதலினும் பாடுதலே நன்றெனக் கொண்டு, ‘ராமோனா’ப் பாட்டைப் பாடினார். பாட்டில் வேற்றுநாட்டு உச்சரிப்பு இனிமையாகும். பேச்சில் அதுவே குற்றமாகும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். அவ்வாண்டு அவருக்குத் துயராண்டும் ஆயிற்று. மனைவியின் புகழொளியில் தம் பெயர் மங்கிப்போக, மணவாழ்வு முறிந்து பிரிந்து சென்ற ஹாய்மே, 1928-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெர்லின் நகரிற் காலமானார்.

அம்மையாரின் முதற் பேசும்படம் 1930-இல் வெளிவந்தது. அவர் ஆங்கிலத்தை அரிதின் முயன்று கற்றார், நன்றாகவே பேசினார். ஆயினும் நாவில் ஸ்பானிய மொழியின் சாயல் நீங்கவில்லை. அச்சாயல் கேட்ட அளவிலே அவருக்குரிய வேடங்களின் எல்லை சுருங்கிற்று. ருஷியப் பெண்ணாகவும் அக்கேடியப் பெண்ணாகவும் ஐயமின்றி ஏற்கப்பட்டவர், இப்போது ‘எங்கோ தொலைவிலுள்ளவள்’ ஆனார். 1932-இற் பசிபிக் தீவுப் பெண். 1933-இற் பிரேசில் நாட்டுச் செல்வி. அழகிய ஆடையும் ஒளியும் குறைவற இருந்தன. வேடத்தில் உயிர்தான் குறைந்தது. அவரோடொத்த மெக்ஸிகோ நடிகையாகிய லூபே வேலெஸ் என்பாரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஊமைப்படக் காலத்தில் 1927-இலேயே பேர்பாங்க்ஸோடு நடித்துப் புகழ் பெற்ற அவர், பின்னாளிற் சிதைந்த ஆங்கிலம் பேசிச் சினந்து கூவும் நகைச்சுவைப் பாத்திரமாகவே ஆக்கப்பட்டார். உச்சரிப்பே நகைப்பொருளாயிற்று. டெல் ரியோ அம்மையார் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1934-இல் வெளிவந்த ‘விவா வில்லா’ என்னும் படத்தில் நடிக்க அழைத்தபோது, அது தம் நாட்டை இழிவுபடுத்துவதெனக் கருதி மறுத்தார். மறுப்பவருக்கு வாய்ப்புக் குறைதல் உலக இயல்பு. 1938-இற் படக்கொட்டகை உரிமையாளர் சிலர், வசூலுக்கு நஞ்சானவர் என்று நடிக நடிகையர் பெயரைப் பட்டியலிட்டு விளம்பரப்படுத்தினர். கிரேட்டா கார்போவின் பெயரோடு டெல் ரியோவின் பெயரும் அதில் இருந்தது.

இவ்விடத்தில் எம்மைப் பற்றி ஒரு வார்த்தை. யாம் சிற்றூர்ப் பள்ளியிலிருந்து இக்கல்லூரிக்கு மாணவராய் வந்த முதற்பருவத்தில், தாவரநூல் வகுப்பிலே ஆசிரியர் ஓர் இலைக்கொத்தைக் காட்டி அஃது யாதென வினவினார். அஃது ஆவாரை. அதன் பூவும் பட்டையும் எவ்வெவற்றிற்குப் பயன்படும் என்பதனை எம் ஊரிற் சிறுவரும் அறிவர். யாம் எழுந்து அறிந்ததை ஆங்கிலத்திற் கூறத் தொடங்கினோம். எம் உச்சரிப்பைக் கேட்டு நகரத்துப் பிள்ளைகள் சிலர் நகைத்தனர். அவர்கள் நகைத்தது எம் விடையை அன்று; விடையை அவர்கள் கேட்கவே இல்லை. அன்று முதல் இரண்டு மாதம் யாம் அவ்வகுப்பில் ஊமைப்படமாய் இருந்தோம். எழுத்தட்டைகளும் இல்லாத ஊமைப்படம். இதனைக் கண்டுகொண்ட முதிய ஆசிரியர் ஒருவர், “உன் ஊர்ச் செடிகளைப் பற்றித் தமிழில் நான்கு பக்கம் எழுதிக் கொண்டு வா, நம் இதழின் தமிழ்ப்பகுதியில் இடம் இருக்கிறது” என்றார். அந்நான்கு பக்கமும் அச்சான நாளில் எமக்கு நா திரும்பிற்று. தமிழில் ஒருமுறை நிமிர்ந்து நின்றபின், ஆங்கிலத்திற் பேசவும் அச்சம் நீங்கிற்று. இச்செய்தி எம்மிடத்து இருந்தமையாற் போலும், டெல் ரியோ அம்மையார் 1942-இல் எடுத்த முடிவைப் படித்தபோது எமக்கு அது கதையாகத் தோன்றவில்லை.

அவ்வாண்டில் அவர் ஹாலிவுட்டை விட்டுத் தாய்நாடு திரும்பினார். வயது முப்பத்தேழு கடந்திருந்தது. நடிகைக்கு அது மாலைப் பொழுதென்பர். மேலும், அவர் அதுகாறும் மெக்ஸிகோப் படம் எதிலும் நடித்ததில்லை. அங்கே எமிலியோ பெர்னாண்டெஸ் என்னும் இயக்குநரும், காப்ரியேல் பிகெரோவா என்னும் ஒளிப்பதிவாளரும், பெத்ரோ ஆர்மெந்தாரிஸ் என்னும் நடிகரும் அவரோடு சேர்ந்தனர். 1943-இல் ‘ப்ளோர் சில்வெஸ்த்ரே’, அதாவது காட்டுமலர், வெளிவந்தது. அடுத்து வந்தது ‘மரியா கண்டெலாரியா’. மெக்ஸிகோ நகரின் அருகிலுள்ள சோச்சிமில்கோ என்னும் இடத்தில் நீர்க்கால்களுக்கு இடையே பூந்தோட்டங்கள் உண்டு. அங்கே பூ விற்று வாழும் செவ்விந்தியப் பெண்ணொருத்தியை, தாய் செய்த பழிக்காக ஊரார் ஒதுக்கி வைத்து, இறுதியிற் கல்லெறிந்து கொல்வதே அதன் கதை. பாரிஸ் உடையும் மணியும் அணிந்து திரையிற் பொலிந்த அம்மையார், அதில் இரட்டைப் பின்னலும் வெறுங்காலுமாய்த் தோன்றினார்.

செல்வக்குடியிற் பிறந்த அவருக்கு அவ்வேழை மக்களின் வாழ்வு சொந்த வாழ்வன்று. அவ்வேற்றுமையை அந்நாட்டார் சிலர் சுட்டிக்காட்டினர். அச்சொல்லில் உண்மை உண்டு. எனினும் அப்படத்தைப் பார்க்குந்தோறும் எமக்குத் தோன்றுவது ஒன்று. ஸ்பானிய மொழி யாம் அறியோம். அறியாதிருந்தும், அவர் ஆங்கிலம் பேசிய படங்களிற் கேளாத ஓர் அமைதி இங்கே அவர் குரலிற் கேட்கின்றது. ஆங்கிலத்திற் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து எடுத்து வைப்பவர்போல் இருந்தவர், இங்கே சொல்லை மறந்து பொருளையே நினைந்து பேசுகின்றார். நடிப்புக்கு வேண்டிய கவனம் முழுவதும் நடிப்புக்கே கிடைத்துவிட்டது. தாய்மொழியின் பயன் இதுவே அன்றோ? அது நம்மை மற்றவரினும் உயர்ந்தவராக்குவதில்லை; நம் கருத்தைப் பாதி வழியிற் பிடித்து நிறுத்தாமல் விட்டுவிடுகின்றது.

‘மரியா கண்டெலாரியா’ 1946-இற் பிரெஞ்சு நாட்டுக் கான் நகரில் நடந்த முதற் படவிழாவுக்குச் சென்றது. அவ்விழாவின் தலைமைப் பரிசைப் பதினொரு நாட்டுப் படங்கள் பகிர்ந்துகொண்டன. மெக்ஸிகோவின் ‘மரியா கண்டெலாரியா’ அவற்றுள் ஒன்று. நம் நாட்டுச் சேதன் ஆனந்து எடுத்த ‘நீச்சா நகர்’ என்னும் இந்திப்படமும் அவற்றுள் ஒன்று என்பதை நம்மவர் அறிந்து மகிழலாம். மொழியறியாத நாட்டில், இரு படங்களும் தத்தம் மொழியிற் பேசி, தத்தம் நாட்டு ஏழையரின் துயரைக் கூறி, ஒரே மேடையிற் பரிசு பெற்றன. இருபது ஆண்டுகளுக்குமுன் மௌனத்தால் உலகை அடைந்த அம்மையார், இப்போது தம் நாட்டுப் பேச்சாலே அதே உலகை மீண்டும் அடைந்தார். இடைப்பட்ட காலத்தில் அயல்மொழியிற் பேசிய படங்களால் அவர் அவ்வளவு தூரம் செல்ல இயலவில்லை.

அதன் பின்னர் அவர் வாழ்வு நிறைவாய்ச் சென்றது. மெக்ஸிகோவின் சிறந்த நடிகைக்குரிய ஆரியல் என்னும் பரிசை மும்முறை பெற்றார். 1947-இல் ஜான் போர்டு என்னும் பேரியக்குநர் தாமே மெக்ஸிகோவுக்கு வந்து, ‘தி பியூஜிட்டிவ்’ என்னும் படத்தில் அவரை நடிக்கச் செய்தார். 1954-இல் அமெரிக்கப் படமொன்றில் நடிக்கச் செல்லவிருந்தபோது, அரசியற் சார்பு பற்றிய ஐயத்தால் ஐக்கிய நாட்டரசு அனுமதி தர மறுத்தது. அவ்வேடத்தை மற்றொரு மெக்ஸிகோ நடிகையாகிய காத்தி ஹுராதோ ஏற்றார். ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 1960-இல், எல்விஸ் பிரெஸ்லிக்குத் தாயாக, கயோவா என்னும் செவ்விந்தியக் குலத்துப் பெண்ணாக அமெரிக்கத் திரையில் மீண்டும் தோன்றினார். 1970-க்குப் பின் நடிகையரின் சிறு குழந்தைகளைப் பேணும் மனையொன்றை மெக்ஸிகோவில் நிறுவி, அதன் தலைவியாய் உழைத்தார். தாய்மார் திரைக்களம் சென்றிருக்கும் வேளையிற் குழந்தைகள் அங்கே உண்டு, உறங்கி, ஆடிப்பாடி வளர்ந்தனர். தமக்கு மகப்பேறில்லாத அம்மையாருக்கு அது முதுமைக்கால இன்பமாய் இருந்தது. 1983-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், கலிபோர்னியாவில் அவர் காலமானார். அவர்தம் உடல் எச்சம் இப்போது மெக்ஸிகோ நகரில், அந்நாட்டுப் பெருமக்களுக்கென அமைந்த இடத்தில் உறைகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து, அயல்மொழி கற்றல் வீண் என்னும் கருத்தை யாரும் பெறலாகாது. அம்மையார் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றார். கற்றதனால் இழந்தது ஒன்றுமில்லை. ஹாலிவுட்டிற் பதினேழு ஆண்டு பெற்ற பயிற்சியே மெக்ஸிகோவில் அவருக்குக் கைகொடுத்தது. யாம் கூற விழைவது வேறு. ஒருவர் பேசும் முறையைக் கேட்டு, அவர் பேசும் பொருளைக் கேளாமல் விடுவது கேட்போர் குறை. அக்குறையைப் பேசுவோர் தம் தலையிற் சுமத்தல் வேண்டா. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் கல்லூரி வாயிலிற் புகும் மாணவரிற் பலர் இன்றும் சிற்றூரினின்று வருகின்றனர். தகரப் பெட்டிக்குப் பதிலாகத் தோட்பை வந்திருக்கின்றது, தயக்கம் மாறவில்லை. வகுப்பின் கடைவரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் அவர்களை அறிவிலார் என்று எண்ணற்க. அவர்களுள் எத்துணையோ கதைகள், எழுத்தட்டை எழுதுவார் இல்லாத படங்களாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. அருகில் அமர்ந்திருப்பவர் சற்றே திரும்பி, “உன் ஊரில் இதனை என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேட்டாற் போதும்.

அங்ஙனம் கேட்கப்பெற்றவர், அறிந்ததை அறிந்த மொழியில் முதலில் அச்சமின்றிக் கூறுக. கூறும் பழக்கம் வந்தபின் வேறு மொழிகளும் வரும், விரைவாகவே வரும். டெல் ரியோ அம்மையார் முப்பத்தெட்டாம் வயதில் தம் மொழியிற் புதிதாக நடிக்கத் தொடங்கினார். பதினெட்டு வயதுடைய நம் மாணவருக்குக் காலம் கடந்துவிடவில்லை. இவ்விதழின் தமிழ்ப்பகுதியிலும் பக்கங்கள் இன்னும் மீதி இருக்கின்றன.